காய் வண்டியை உயர்த்திய கதை

1

இந்த ஐப்பசியில் இசக்கியின் திதிக்கு ஊரிலிருந்து மதினி வந்திருந்தார். இசக்கி என் மனைவி. மதினி அவளுடைய அக்கா. தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரமனைக்கு ஆட்டோ பிடித்து, ஆட்டோக்காரனோடு ஒரு சண்டை போட்டு, அந்தச் சூடு ஆறாமலேயே வீட்டுக்குள் நுழைந்தார். படையல் முடிந்து இலை போட்டதும் என் மகள் செண்பகம் பரிமாறினாள்.

"பெரியம்மே, கொறச்சு சாம்பார் கூடி ஒழிக்கட்டே?" என்று கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா என்பதுதான் அது. ஆனால் மதினி காதில் விழுந்தது 'ஒழி' மட்டும்தான்.

"ஒழிக்கிறதுக்கு இந்த வீட்டுல இன்னும் என்னளா பாக்கி இருக்கு?" என்று இலையிலிருந்து கையை எடுத்தார். "பெத்தவ திதியன்னைக்காவது வாயில தமிழ் வராதா ஒனக்கு? அவ இருந்தப்பவே மலையாளம் வெளங்காதவ. செத்தப்புறமா வெளங்கப் போவுது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, உங்க வளப்பு நல்லாருக்கு. தாயோட சேத்துத் தாய்ப் பாஷையையும் எரிச்சுட்டீங்க."

செண்பகம் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. நான் சாம்பாரை எடுத்து மதினிக்கு ஊற்றினேன். அவரும் சாப்பிட்டார். கோபத்தில் சோற்றை விடுகிற ஆள் இல்லை அவர்.

நம் ஊர்ச் சங்கத்தின் இந்த இதழில், கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு நடுவே என் குறிப்பையும் போடுகிறீர்கள். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடான இந்த மலையாள தேசத்திலிருந்து எழுதுகிற ஒரே ஆள் நான்தான். மலையைச் சுற்றிக்கொண்டு வந்தால் ஒரு பகல் பயணம், அவ்வளவுதான். வழக்கமாக நான் எழுதுவது தமாஷ். நானும் என் தமிழும் இங்கே பட்ட அவமானங்கள். அதைப் படித்துச் சிரித்ததாகப் பல பேர் சொல்லியிருக்கிறீர்கள். இந்த முறை சிரிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுதச் சொன்னது செண்பகம்.

மறுநாள் மதினியைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டியபடியே சொன்னாள்: "அச்சா, எழுது. எல்லாம் எழுது. பெரியம்ம அறியட்டே." அப்பா, பெரியம்மாவுக்கும் தெரியட்டும் என்கிறாள்.

"உன் பேர் வருமே."

"வரட்டே," என்றாள்.

2

நான் இங்கே வந்தது அறுபதுகளின் நடுவில். ஊரில் கிணறு வற்றியது, கடன் வற்றவில்லை, அதனால் வந்தேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு காய்கறி மண்டியில் மூட்டை தூக்கி, பிறகு கணக்கெழுதி, பிறகு சொந்தமாகச் சின்னதாக ஒரு மண்டி போட்டேன். பட்டாளத்தில் கழித்துவிட்ட பிக்கப் வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. நாகர்கோவில் வடசேரியிலிருந்து கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாழைத்தாரும் அந்தத் தட்டில்தான் வந்தன. கரமனையில் இருப்பவர்கள் எல்லோரும் அக்கிரகாரத்துக்காரர்கள் என்று ஊரில் நினைக்கிறீர்கள். நாங்கள் அந்தத் தெருக்களுக்குப் பின்னால், ஆற்றுப் பக்கம் ஓட்டு வீட்டில் இருக்கிறவர்கள்.

பாஷை விஷயத்தில் இந்த ஊர் ஆளை நன்றாக ஏமாற்றும். முழுக்க வேறு பாஷையாக இருந்தால் கற்றுக்கொண்டு போய்விடலாம். இது பாதி நம்முடையது. நமக்குத் தெரிந்த வார்த்தைதான் என்று நம்பிக் காலை வைத்தால் உள்ளே பள்ளம் இருக்கும். உயர்த்துவதை இங்கே பொக்குவது என்பார்கள். நம் ஊரில் பொக்கு என்றால் பருப்பில்லாத கடலை. எடையை இங்கே தூக்கம் என்பார்கள். வந்த புதிதில் ஒருவர் கடைக்கு வந்து, "அண்ணாச்சீ, தூக்கம் சரியல்லல்லோ" என்றார். நான் பதறிப்போய், "ஆமாங்க, ரெண்டு நாளாச் சரியாத் தூங்கல" என்றேன். அவர் தராசைக் காட்டினார். இதை நான் முன்பே ஒரு குறிப்பில் எழுதி, நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

செண்பகத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் 'செம்பகம்' என்று பதிந்துகொண்டார். மலையாளத்தில் அந்தப் பூவுக்கு அப்படித்தான் பெயர் என்று சொன்னார். மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தேன். பிறப்புச் சான்று கேட்டார்கள். ஊர்ச் சான்றை வாங்கிக்கொண்டு போனால், தமிழில் இருக்கிறது, மலையாளத்தில் எழுதி ஒரு கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார்கள். மலையாளத்தில் எழுதிக் கொடுத்த குமாஸ்தாவும் 'செம்பகம்' என்றே எழுதினார். அதோடு விட்டுவிட்டேன்.

அவள் வீட்டில் தமிழ் பேசினாள், வாசலைத் தாண்டினால் மலையாளம். எழுதப் படிக்க அவளுக்கு மலையாளம்தான் தெரியும். இசக்கிக்கு மலையாளம் கடைசிவரை வரவில்லை. மீன்காரியிடம் பேரம் பேசக்கூட மகளைக் கூப்பிடுவாள். அம்மா ஒரு வாக்கியம் சொல்ல, மகள் அதைத் திருப்பிச் சொல்ல, மீன்காரி சிரிக்க, இப்படியே எங்கள் வீட்டு வாசல் ஓடியது. பிள்ளை திறமையாகச் செய்தாள். எங்கள் வீட்டின் வாயே அவள்தான் என்று எனக்கு அதில் பெருமை.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் இசக்கிக்கு முதுகுவலி வந்தது. முதலில் தைலம், பிறகு வைத்தியர், கடைசியில் பெரியாஸ்பத்திரி. வியாதி முதுகெலும்புக்குள் இறங்கிவிட்டது என்று சொல்ல அவர்களுக்குப் பல வாரங்கள் ஆயின. அதற்குள் அவளால் உட்கார முடியாமல் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் வலியைவிட அவளை அரித்தது தூங்காமை. கண்ணை மூடினால் வலி எழுப்பிவிடும். ஒரு நாள் சாயங்காலம் கோட்டயம் பக்கத்து நர்ஸ் ஒருத்தி வந்தபோது, "சிஸ்டர், தூக்கமே இல்ல" என்று அழுதிருக்கிறாள். அந்தப் பெண் நல்ல மனசுக்காரி. உடனே போய் எடை பார்க்கும் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள், நோயாளி எடை குறைந்துபோனதை நினைத்து வருந்துகிறாள் என்று. நிற்கவே முடியாதவளை அதில் ஏற்றப் பார்த்திருக்கிறாள். நல்ல வேளையாகச் செண்பகம் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். "தூக்கமல்ல சிஸ்டர், உறக்கம். அம்மைக்கு உறக்கம் வருணில்லா" என்று சொன்னாளாம். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். இசக்கி சிரித்துக்கொண்டே அழுததாகச் செண்பகம் என்னிடம் சொன்னாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தப் பாஷையிலும் எனக்குப் புரியும். இசக்கிக்கும் புரிந்துவிட்டது.

"கரமனைக்கு வேண்டாம்," என்றாள். "எங்க அக்கா வீட்டுல கொண்டு போடுங்க."

"அங்க டாக்டர்கூட இல்லையே."

"டாக்டர் எதுக்கு? இங்க இவங்க பேசுறது எனக்குப் பாதிதான் வெளங்குது. சாவும்போதாவது சுத்தியிருக்கவங்க பேசுறது முழுசா வெளங்கணும்." பிறகு, "போற வழியில கொஞ்சம் தூங்குனாப் போதும். முழிச்சுப் பாக்கும்போது அக்கா வீடா இருக்கணும்" என்றாள்.

அவள் என்னிடம் அதுவரை பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இந்த ஊருக்கு வரவும் அவள் கேட்கவில்லை, நான் கூப்பிட்டேன், வந்தாள்.

4

மதினி வீட்டுக்குப் போக நம்பியாற்றின் தாம்போதியைத் தாண்ட வேண்டும். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி மழையில் அந்தத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் எவ்வளவு ஓடும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாடகைக் கார் உயரம் குறைவு, தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அதில் அவளைப் படுக்கவைக்கவும் முடியாது. ஆம்புலன்ஸ் மாநிலம் தாண்ட அனுமதி வேண்டும், அதற்கு ஒரு வாரம் என்றார்கள். என்னிடம் இருந்தது காய் வண்டிதான். அதுவும் வருஷக்கணக்காகப் பாரம் சுமந்து பின்பக்கம் படுத்துக் கிடந்தது. முன்பக்கம் உயரம் போதும். பின்தட்டை உயர்த்தாவிட்டால் அவள் படுத்திருக்கிற இடத்திலேயே ஆற்றுத் தண்ணீர் ஏறிவிடும்.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆசான் பட்டறை வைத்திருந்தார். இங்கே மெக்கானிக்குகளில் மூத்தவரை ஆசான் என்பார்கள். ஆற்றிங்கல்காரர். லாரி வண்டிகளோடு பழகி, தமிழில் வண்டிச் சாமான்களின் பெயரும் கெட்ட வார்த்தைகளும் மட்டும் தெரிந்தவர். அளவில்லாமல் பேசுவார், வெற்றிலை போட்டால் இன்னும் கூடும். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அண்ணாச்சீ, இது ரெண்டு விதத்தில் பொக்காம். ஒண்ணு, கமான் பட்டை கூட்டாம்."

கமான் பட்டை என்பது வண்டிக்கடியில் வில் மாதிரி வளைத்து அடுக்கியிருக்கும் எஃகுத் தகடுகள். அந்த அடுக்கில் இன்னும் இரண்டு சேர்த்தால் பின்பக்கம் நிமிரும்.

"இன்னொண்ணு, கட்டை வைக்காம்."

அச்சுக்கும் பட்டை அடுக்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை ஒன்றைக் கொடுத்து, நீளமான போல்ட்டால் கட்டிவிடுவது. உயரம் கிடைக்கும், பட்டைகளின் இளக்கம் அப்படியே இருக்கும். வேண்டுமானால் அடுக்கிலிருந்து இரண்டைக் கழற்றி இன்னும் இளக்கலாம்.

"பட்டை கூட்டியால் வண்டி சாடும். கட்டை வச்சால் வண்டி ஆடும். சாட்டம் வேணோ, ஆட்டம் வேணோ?" என்று கேட்டுவிட்டு, தன் வார்த்தை தனக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவையும் சொன்னார். சாடுவது என்றால் இங்கே குதிப்பது.

அப்போது பட்டறையில் இரண்டு வகை வண்டியும் நின்றன. பட்டை கூட்டிய கல் வண்டி ஒன்று, கட்டை வைத்த ஜீப் ஒன்று. ஆசான் ஓட்ட, நான் இரண்டிலும் பின்னால் மல்லாந்து படுத்துப் பாப்பனங்கோடு வரை போய்த் திரும்பினேன். கல் வண்டியில் ஒவ்வொரு குழிக்கும் முதுகில் உலக்கை விழுந்தது. ஜீப்பில் குலுக்கல் இல்லை, ஆனால் திருப்பங்களில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உடம்பு சாய்ந்தது. வானத்தையும் தென்னை ஓலைகளையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இசக்கியும் இதைத்தான் பார்த்துக்கொண்டு போவாள் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண் என்னைச் சவம் என்று நினைத்துக் கன்னத்தில் கை வைத்தாள்.

ஆசான் முடிவாகச் சொன்னார்: "அண்ணாச்சீ, ரெண்டு பட்டை ஊரிக் கட்டை வச்சால் சேச்சிக்கு சுகம். பக்ஷே பின்னே அது காய் வண்டியல்ல, லோடு எடுக்கில்ல. ஆலோசிச்சு பறயணும். ஆளினெங்கில் கட்டை. லோடினெங்கில் பட்டை."

இரண்டு பட்டையைக் கழற்றிக் கட்டை வைத்தால் இசக்கிக்குச் சுகம், ஆனால் வண்டி அப்புறம் பாரம் எடுக்காது; ஆளுக்கென்றால் கட்டை, லோடுக்கென்றால் பட்டை என்கிறார். லோடு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முதுகெலும்புக்கு எது கெடுதல், குதிப்பதா, ஆடுவதா? அது எனக்கும் தெரியாது, ஆசானுக்கும் தெரியாது. டாக்டரைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் சொல்லி அனுப்புகிறேன் என்று வந்துவிட்டேன்.

டாக்டர் சொன்னார், குதிக்கவே கூடாது, ஆடினால் பரவாயில்லை என்று. இசக்கி அதைக் கேட்டுக்கொண்டு, "ஆடுனா நல்லதுதான். தொட்டில்ல போட்ட மாதிரி தூங்கிருவேன்" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு ஆசையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவது, உள்ளே போவதைவிடக் கஷ்டமான காரியம். ஒரு மேஜையில் கையெழுத்து, இன்னொரு மேஜையில் முத்திரை, மூன்றாவது மேஜைக்காரர் சாயா குடிக்கப் போயிருந்தார். என்னால் நகர முடியவில்லை. செண்பகத்தைக் கூப்பிட்டு ஆசானிடம் அனுப்பினேன்.

பட்டை, கட்டை இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி இருக்கிறது. ஓடிப்போய்ச் சொல்கிற பிள்ளை ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான், குழப்பமே வராத வார்த்தையாகச் சொல்லுவோம் என்று யோசித்தேன். என் தலைக்குள் இசக்கி சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"மக்ளே, வண்டியைத் தூக்கணும்னு சொல்லு. ஆனா தூக்கம்தான் முக்கியம்னு சொல்லு. அவருக்குப் புரியும்," என்றேன்.

அவள் பஸ் ஏறிப் போனாள். வண்டியைத் தூக்கணும் என்பதை, 'வண்டி பொக்கணும்' என்று சரியாக மாற்றினாள். அடுத்த வார்த்தையை மாற்றவில்லை. மாற்ற அதில் என்ன இருக்கிறது? அது ஏற்கெனவே மலையாளமாகத்தானே இருந்தது. பட்டறையில், இரும்புக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு சொல்லும்போது, அந்த வார்த்தைக்கு எடை தவிர வேறு அர்த்தம் எங்கிருந்து வரும்?

"தூக்கமாணு முக்கியமென்னு அச்சன் பறஞ்ஞு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

5

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி உயரமாக வந்து நின்றது. ஆசான் வரவில்லை, யாரோ கொண்டுவந்து விட்டுப் போனார்கள். எங்களுக்கு அவசரம், மழை வேறு கட்டிக்கொண்டு நின்றது. தட்டில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினோம். ஆஸ்பத்திரி ஆட்கள் இசக்கியைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். செண்பகம் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாப்பனங்கோடு தாண்டுவதற்குள் பின்னாலிருந்து முதல் அலறல் கேட்டது. ரோடு மோசம் என்று நினைத்து மெதுவாக்கினேன். மெதுவாகப் போனாலும் பின்பக்கம் எகிறியது. பாலராமபுரத்தில் அலறல் நின்றது; வாயில் துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்று செண்பகம் பின்கண்ணாடி வழியாகச் சைகை காட்டினாள். நெய்யாற்றின்கரையில் வண்டியை நிறுத்திக் கீழே குனிந்து பார்த்தேன். கட்டை இல்லை. பழைய பட்டைகளோடு இரண்டு புதுப் பட்டைகள் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன.

"ஆசான்ட்ட நீ என்ன சொன்ன மக்ளே?"

"அப்பா சொன்னதுதான். தூக்கமாணு முக்கியமென்னு..." தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதாலேயே கேட்டுவிட்டாள். பிள்ளையின் முகத்தில் அப்போது வந்ததை நான் எழுதப் போவதில்லை.

நான் உடனே சொன்னேன்: "நீ சரியாத்தான் சொல்லியிருக்க. அதுக்கப்புறம் நான்தான் போன் பண்ணிப் பட்டை கூட்டச் சொன்னேன். ஆத்துல தண்ணி கூடுதலா இருக்கும்னு. மறந்துட்டேன்." பட்டறையில் போனே கிடையாது. அது அவளுக்கு நினைவு வராது என்று நம்பினேன்.

திரும்பலாமா என்று நினைத்தேன். திரும்பினாலும் அதே குழிகள்தான். தட்டுக்குள்ளிருந்து இசக்கி, "எதுக்கு நிக்கீங்க? போங்க" என்றாள்.

காய் வண்டிக்காரனுக்குத் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. பட்டை கூடிய வண்டி காலியாகப் போனால்தான் குதிக்கும். பாரம் ஏற்றினால் அடங்கும். சந்தை அன்றைக்குக் கூடியிருந்தது. மரச்சீனிக் கிழங்கு மூட்டைகளை வாங்கி அவளைச் சுற்றிலும் அடுக்கினேன். அவளுக்குத் தூக்கம் வர, வண்டியில் தூக்கம் ஏற்ற வேண்டியிருந்தது. இதைவிடக் கொடுமையான கேலியை எந்த இரண்டு பாஷையும் சேர்ந்து ஒரு மனுஷனுக்குச் செய்திருக்காது.

மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த இசக்கி என்னைப் பார்த்து, "கடைசியில என்னையும் காய்ச் சிப்பம் ஆக்கிட்டீங்களே" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

குதிப்பது ஓரளவு அடங்கியது. எல்லைச் சாவடியில் ஒரு காவலர் தார்ப்பாயை விலக்கினார். மூட்டைகளைப் பார்த்து, "எத்ர தூக்கம் உண்டு?" என்று கேட்டார். அவர் கேட்டது எடை. நான் பதில் சொல்வதற்குள் செண்பகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். காவலர் உள்ளே படுத்திருந்தவளையும் அப்போதுதான் பார்த்தார். சாவடியின் தடுப்புக் கழியைத் தூக்கி வழிவிட்டார்.

ஆரல்வாய்மொழி தாண்டிய பிறகு பின்னால் சத்தம் இல்லை. அவள் கொஞ்சம் தூங்கினாள் என்று நான் நம்புகிறேன். இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று செண்பகம் சொல்கிறாள். மடியில் வைத்திருந்தவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

தாம்போதிக்கு வந்தோம். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். மேற்கே மழை பெய்யவில்லை போலிருக்கிறது. பாலத்தின் மேல் தண்ணீர் கணுக்கால் நனையத்தான் இருந்தது. ஆட்டுக்குட்டிகள் நடந்து போய்க்கொண்டிருந்தன. நான் வண்டியைத் தொடாமலே விட்டிருந்தாலும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். அங்கே, ஆற்றின் நடுவில் நின்று, வாய்விட்டு அழுதேன்.

6

இசக்கி அக்கா வீட்டில் சில நாள் இருந்தாள். சுற்றியிருந்தவர்கள் பேசியதெல்லாம் அவளுக்கு முழுசாக விளங்கியது. அந்த அளவுக்காவது நடந்தது. மதினி அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டார், அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

கரமனைக்குத் திரும்பிய பிறகு செண்பகம் என்னிடம் தமிழில் பேசவில்லை. ஒரு சண்டை இல்லை, சபதம் இல்லை. அப்பா என்பது அச்சா ஆயிற்று. சோறு என்பது சோறாகவே இருந்ததால் நான் முதலில் கவனிக்கவில்லை. பிறகுதான் பார்த்தேன், நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் மலையாளத்தில் பதில் வந்தது. பள்ளிக்கூடப் பழக்கம், வயசு, சிநேகிதிகள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னேன். இங்கே வளரும் நம் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே என்று அவர்களும் தலையாட்டினார்கள்.

இன்னொன்றும் நாளடைவில் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையை அவள் இரண்டு பாஷையிலும் விட்டுவிட்டாள். தூங்குவதை உறக்கம் என்பாள், எடையைப் பாரம் என்பாள். கடையில் தராசுக்கு முன்னால் நின்றாலும் அந்தச் சொல் அவள் வாயில் வராது. மலையாளம் பேசுகிற யாரும் அதைச் சொல்லாமல் ஒரு மாதம் இருக்க முடியாது. இவள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள்.

வண்டியின் உயரம் மாறியதால் ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி. நான் சொல்லத் தெரியாமல் நின்றேன். மனு எழுதுகிறவர் பொறுமை இழந்து, "பாரம் கயற்றான்" என்று அவரே எழுதிவிட்டார். பாரம் ஏற்றுவதற்காக. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆசான் என்னைக் கண்டால் முகம் திருப்பினார். நாலைந்து தடவை பார்த்துவிட்டு ஒரு நாள் பட்டறைக்கே போய்க் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "சேச்சியேக்கால் லோடு வலுதாயிப்போயி அண்ணாச்சிக்கு, அல்லே? கச்சவடக்காரன்!" கச்சவடம் என்றால் வியாபாரம். மனைவியைவிட லோடு பெரிது என்று நான் சொல்லி அனுப்பியதாக அவர் அத்தனை நாளும் நினைத்திருக்கிறார். வெறுப்போடுதான் அந்தப் பட்டைகளை மாட்டியிருக்கிறார்.

என் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ," என்றார். பிறகு, "பட்டை ஊரட்டே?" என்று கேட்டார். கழற்றித் தரட்டுமா என்று.

"இனி எதுக்கு ஆசானே?" என்றேன்.

அந்தப் பட்டைகளோடேயே வண்டி பல வருஷம் காய் சுமந்தது. நல்ல பாரம் தாங்கியது. ஒவ்வொரு நாளும் அதை ஓட்டினேன், ஒவ்வொரு குழியிலும் எனக்கு இசக்கியின் குரல் கேட்டது. பிறகு விற்றுவிட்டேன். ஆசானும் போய்விட்டார்.

7

இப்போது நான் காலையில் மண்டிக்குப் போகிறேன். செண்பகம் தம்பானூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள், பஸ்ஸில் போய் வருகிறாள். ஆபீஸ் ரெக்கார்டிலும் அவள் செம்பகம்தான். சாயங்காலம் இரண்டு பேரும் இரண்டு பாஷையில் பேசிக்கொண்டு சாப்பிடுகிறோம். ஒன்றும் தடைபடுவதில்லை.

எழுதச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனவள், வாசல்படியில் திரும்பி நின்று ஒன்று சொன்னாள். "அச்சன் அன்னு போன் காரியம் பறஞ்ஞது கள்ளமாணென்னு எனிக்கு அப்போழே அறியாம்." அன்றைக்கு நான் சொன்ன பொய் அவளுக்கு அப்போதே தெரியும் என்கிறாள். அந்தப் பொய்யை நம்பியதாக அவள் இத்தனை வருஷம் எனக்காக நடித்திருக்கிறாள். நானும் அவளுக்காகத்தான் அதைக் காப்பாற்றி வந்தேன்.

மதினி, இதைப் படித்தால் உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தமிழ் மறக்கவில்லை. அது அவளைச் சுட்டுவிட்டது, அதனால் கிட்டே போகவில்லை.

இவ்வளவும் எழுதி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது, இதை அவளால் படிக்க முடியாது. தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாதே. அதனால் நேற்றுச் சாயங்காலம் அவளை உட்காரவைத்து நானே வாசித்தேன். உள்ளி உரித்துக்கொண்டே கேட்டாள். மதினியின் பேச்சுக்குச் சிரித்தாள். வாத்தியார் பெயரை மாற்றிய இடத்திலும் சிரித்தாள். எடை மிஷின் வந்தபோது கை நின்றது, பிறகு மறுபடியும் உரித்தாள். ஆஸ்பத்திரியில் நான் அவளைக் கூப்பிட்டு அனுப்பிய இடம் வந்தது.

"'மக்ளே, வண்டியைத் தூக்கணும்னு சொல்லு. ஆனா...'" என்று வாசித்து, அங்கே நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையை அவள் முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அவள் உள்ளியைக் கீழே வைத்தாள். நான் அன்றைக்குச் சேர்க்க மறந்ததையும் சேர்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அம்மாவுக்குத் தூக்கம்தான் முக்கியம்."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேல வாசிங்கப்பா" என்றாள்.

என்னால் வாசிக்க முடியவில்லை.